மைத்தடச் சோதனையும் மனநல மதிப்பீடும்

பத்து அட்டைகள்

ஒருவரின் ஆளுமையையும் சிந்தனைப் போக்கையும் மதிப்பிட உளவியலாளர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று மைத்தடச் சோதனை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் இதை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே, 37 வயதில் இறந்தார். மைத்தடம் பதிந்த அட்டைகள் மொத்தம் 10. ஐந்தில் கறுப்பும் சாம்பலும் மட்டும். இரண்டில் சிவப்பும் சேரும். மூன்று பல வண்ணம்.

நடத்தும் விதம்

"இது என்னவாக இருக்கலாம்?" என்பதே கேள்வி. அட்டையைத் திருப்பியும் பார்க்கலாம். சொன்னதைச் சொன்னபடியே உளவியலாளர் எழுதிக்கொள்வார். பத்தும் முடிந்தபின், எந்த இடத்தில் அது தெரிந்தது, எதனால் அப்படித் தோன்றியது என்று மறுபடி கேட்பார். விடை சொன்னவர் முழுத் தடத்தையும் பார்த்தாரா, ஓரத்துத் துணுக்கையா? தூண்டியது வடிவமா, நிறமா, அசைவா? இவற்றுக்கான விரிவான குறியீட்டு முறையை ஜான் எக்ஸ்னர் 1974இல் வெளியிட்டார்.

அருவி தெரிந்தால்

குற்றாலம் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்து, "தண்ணி சோன்னு கொட்டுது" என்கிறார் என்று கொள்வோம். எக்ஸ்னர் முறையில் இது உயிரற்ற பொருளின் அசைவு. இவ்வகை விடைகள் மிகுந்தால் மன நெருக்கடியின் அறிகுறியாகக் கருதுவது உண்டு. ஆனால் ஆனி, ஆடிச் சாரலில் குற்றால அருவிகளைப் பார்த்தே வளர்ந்தவருக்கு அது பழகிய காட்சி. ஊரும் பேச்சுவழக்கும் அறிந்தவர் சோதித்தால்தான் இந்த வேறுபாடு பிடிபடும். இந்தச் சோதனையில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுவே.

எவ்வளவு நம்பலாம்?

சிந்தனைக் குழப்பத்தையும் பார்வைப் பிறழ்வையும் கண்டறியும் அளவீடுகளுக்கு வலுவான சான்று உண்டு என்று 2013இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வேறு பல அளவீடுகளுக்கு அந்த வலு இல்லை. எனவே இதை மட்டும் வைத்து மனச்சோர்வு என்றோ மனச்சிதைவு என்றோ முடிவு கட்டக் கூடாது. நேர்காணலும் குடும்பத்தார் தரும் விவரங்களும் அவசியம். கைபேசியில் வரும் "படத்தைப் பார், குணம் தெரியும்" விளையாட்டுகளுக்கு மருத்துவ மதிப்பு கிடையாது. சோதனைக்கு முன் இணையத்தில் அட்டைகளைத் தேடிப் பார்த்துவிட்டால் முடிவின் நம்பகத்தன்மை கெடும்.

யாரை நாடுவது?

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரே இந்தச் சோதனையை நடத்தத் தகுதியானவர். தூக்கமின்மை, தீராத பயம், காதில் குரல் கேட்பது போன்ற தொல்லை இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.