புற்றுநோய் கட்டியை 'பளிச்'னு காட்டும் கண்ணாடித் துகள்கள்... எப்படி வேலை செய்கின்றன?

புற்றுநோய் கட்டியை அகற்றும் சர்ஜனுக்கு எப்போதுமே ஒரு சிக்கல் உண்டு. கட்டி எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்பது வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கொஞ்சம் விட்டுவைத்தால் நோய் திரும்பலாம். கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பக்கத்தில் இருக்கும் நரம்பு போய்விடலாம். அந்த எல்லையை ஒளிரவைத்துக் காட்டும் முயற்சிதான் 'கார்னெல் டாட்ஸ்'.

அப்படின்னா என்ன?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழு உருவாக்கி, 2005-ல் வெளியிட்ட நானோ துகள்கள் இவை. உள்ளே ஒளிரும் சாயம், வெளியே சிலிகா ஓடு. ஜன்னல் கண்ணாடியிலும் மணலிலும் இருக்கும் அதே சிலிகாதான். மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட துகளின் அளவு சுமார் 7 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம்.

சாயத்தை நேரடியாகச் செலுத்தினால் ஆகாதா?

ஆகும். இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் 1950-களில் இருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால், அதற்குப் புற்றுநோய் செல்லைத் தேடிப் போகத் தெரியாது. கண்ணாடிக்குள் அடைத்தால் சாயத்தின் ஒளி கூடும், சீக்கிரம் மங்காது. ஓட்டின் மேல் ஒரு பெப்டைடை ஒட்டினால், அது புற்றுநோய் செல்லைப் பிடித்துக்கொள்ளும்.

செல்போன் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்க, சிவப்பு வெளிச்சம் மட்டும் வெளியே தெரியும். சிவப்பும் அதையொட்டிய அகச்சிவப்பும்தான் சதையைக் கொஞ்சமாவது ஊடுருவும். அதனால் சாயமும் அதற்கேற்பவே தேர்வு செய்யப்படுகிறது.

உடம்பிலேயே தங்கிவிடாதா?

இதுதான் முக்கியமான கேள்வி. பெரிய துகள்கள் கல்லீரல், மண்ணீரலில் தேங்கிவிடும். 10 நானோமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரில் அனுப்பிவிடும். 2011-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ மனிதர்களிடம் சோதிக்க அனுமதித்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 5 மெலனோமா நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. பெரிய பக்கவிளைவு இல்லை என 2014-ல் முடிவு வந்தது. ஆனா, ரொம்பக் குறைந்த அளவில் நடந்த சோதனை அது. பாதுகாப்பைப் பார்க்கத்தான், குணப்படுத்த அல்ல.

ஒளியாலேயே சிகிச்சையா?

சில சாயங்கள் மீது ஒளி பட்டால், அருகிலுள்ள ஆக்சிஜன் செல்லைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். போட்டோஃப்ரின் என்ற மருந்து 1995 முதல் அமெரிக்காவில் இப்படித்தான் பயன்படுகிறது. சிக்கல் என்னன்னா, மருந்து தோலிலும் தங்குவதால் நோயாளி வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்ட முடியாது. துகளில் வைத்துக் கட்டிக்கு மட்டும் அனுப்பினால் இந்த அவதி குறையலாம். மெத்திலீன் புளூ சாயத்தை வைத்து ஆய்வகத்தில் இந்த முயற்சி நடந்திருக்கிறது.

இப்போ கிடைக்குமா?

கிடைக்காது. இன்னும் ஆய்வுக் கட்டம்தான். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு ஒளி எட்டாது என்பதால், சிடி, எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு இது மாற்றும் அல்ல. 'நானோ சிகிச்சை' என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டும் முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.