சம்பளமில்லாப் பயிற்சி யாருக்கு?

இந்திய மொழி நாளிதழ்களைப் பத்தாண்டுக்கு மேல் ஆராய்ந்த பேராசிரியர் ராபின் ஜெஃப்ரி, பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் போனார். ஒரு தலித் செய்தியாளரைக்கூடச் சந்திக்கவில்லை என்று 2000இல் வந்த நூலில் எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவருமில்லை.

அந்த அலுவலகங்களுக்கு ஒரு வாசல் கோடைப் பயிற்சி. அதற்குப் பல இடங்களில் சம்பளமில்லை. சென்னையில் ஒரு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவிநாசிக் கூலித் தொழிலாளியின் பிள்ளை எங்கே போவார்? விடுமுறையில் அவர் போவது பனியன் கம்பெனிக்கு.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். பத்திரிகை நமக்குப் புதிதல்ல. பயிற்சிக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் கொடுங்கள் என்றே கேட்கிறோம்.