மறதிக்கு ஒரு கணக்கு
படித்ததை நினைவில் நிறுத்தவும் குறிப்புகளைக் காப்பாற்றவும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எல்லா இலவசமும் ஒன்றல்ல.

தேர்வு நெருங்கினால் போதும், வீட்டுக்கு வீடு அரங்கேறும் காட்சி ஒன்றுதான். கோடிட்டுக் கோடிட்டு, கோடிடாத வரியே இல்லை என்றாகிவிட்ட புத்தகம். முதல் வாரத்திலேயே பொய்த்துப் போன, சுவரில் ஒட்டிய கால அட்டவணை. இரவு 2 மணிக்கு ஐந்தாவது முறையாகப் புரட்டப்படும் அதே பாடம். படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கிறது. மறந்து போனது கேள்வித்தாளைப் பார்த்த பிறகே தெரிகிறது.

பழியை முழுவதும் மாணவரின் சோம்பல் மீது போட முடியாது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். மனப்பாடம் செய்த உழைப்பின் பலனில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து போயிருந்தது.

திரும்பத் திரும்பப் படிப்பதும் பெரிதாக உதவுவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு கட்டுரையை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவுக்கே வெற்றி. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நான்கு முறை படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 60 சதவீதம்.

ஆக, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேட்க வேண்டும். மறக்கப் போகிற நேரம் பார்த்து மறுபடி கேட்க வேண்டும். ஆனால் ஆயிரம் கேள்விகளில் எதை நாளைக்கு, எதை அடுத்த மாதம் என்று கணக்கு வைப்பது யார்?

போலந்தில் போஸ்னான் நகர மாணவர் பியோத்ர் வோஸ்னியாக் வைத்தார். 1985-ல் காகிதத்தில் தன்மீதே சோதனைகள் நடத்தி, 1987-ல் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். அப்படிப் பிறந்தது 'சூப்பர்மெமோ'. அவர் வெளியிட்ட கணக்கு முறையை அடித்தளமாகக் கொண்டு, ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ் 2006-ல் உருவாக்கிய மென்பொருள் 'ஆன்கி'. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்.

ஆன்கி வேலை செய்யும் விதம் எளிமையானது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்ப வேண்டும். மறந்துவிட்டதா, கஷ்டப்பட்டு நினைவு வந்ததா, சரியாக வந்ததா, சுலபமாக வந்ததா என்று நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்த கேள்வி சில நாட்கள், சில வாரங்கள், சில மாதங்கள் என்று தள்ளிப் போகும். தடுமாறிய கேள்வி சீக்கிரமே திரும்பி வரும். 2023-ல் சேர்ந்த புதிய கணக்கு முறை, மாணவரின் பழைய பதில்களை வைத்து அவரவர் மறக்கும் வேகத்தையே கணிக்கிறது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு செல்போனிலும் இதற்குக் காசு கிடையாது; ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. இதே பெயரை ஒட்டிக்கொண்டு பணம் கேட்கும் போலிகளும் உலவுவதால் கவனம் தேவை.

ஆராய்ச்சி மாணவர்களின் தலைவலி வேறு. எந்த மேற்கோளை எந்த நூலில், எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்பது ஆய்வேட்டை முடிக்கும் நேரத்தில்தான் மறந்து போகும். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-ல் வெளிவந்த 'ஜொட்டெரோ' நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து, கேட்ட வடிவில் துணைநூற்பட்டியலைத் தானே அடுக்கித் தருகிறது. இதுவும் இலவசம்.

ஆனால் இலவசம் என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. லட்சக்கணக்கானோர் குறிப்பு எடுத்து வைக்கப் பயன்படுத்திய 'எவர்நோட்', 2023 டிசம்பரில் இலவசப் பயனாளர்களுக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு கட்டியது. ஏற்கெனவே எழுதியவை பறிபோகவில்லை; ஆனால் புதிதாக எழுத வேண்டுமானால் பணம் கட்டு, இல்லையேல் வேறு இடம் பார் என்ற நிலை. நடுத்தேர்வில் இருக்கும் மாணவருக்கு இது எத்தனை பெரிய இடி!

ஆன்கி, ஜொட்டெரோ போன்றவை வேறு ரகம். இவை கட்டற்ற மென்பொருள்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய இயக்கத்தின் வழி வந்தவை. நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். உருவாக்கியவர் நாளை ஒதுங்கிக்கொண்டாலும் வேறொருவர் தொடரலாம். குறிப்புகள் மாணவரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். எவர்நோட் குறிப்புகளை அப்படியே இறக்கிக்கொள்ளும் 'ஜோப்ளின்' என்ற மென்பொருளும் இந்த ரகமே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் குழப்பம். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

அந்த வேற்றுமையின் பலனைப் பள்ளிக்கூட அளவில் அறுவடை செய்த மாநிலம் கேரளம். அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வியைக் கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற்றிய அந்த மாநிலம், தேவைக்கேற்ப அவற்றைத் திருத்தி, மலையாளமும் பாடக் கருவிகளும் சேர்த்துத் தானே விநியோகிக்கிறது. 2019-ல் சுமார் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு இப்படித் தந்ததில் ரூ.3,000 கோடி மிச்சம் என்றது அதை நடத்தும் 'கைட்' நிறுவனம்.

எந்த மென்பொருளும் மாணவருக்காகப் படித்துவிடாது என்பதும் உண்மை. அடுத்தவர் தயாரித்த பல்லாயிரம் அட்டைகளை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டே வாரத்தில் பாக்கி மலையாகக் குவிந்ததும் கைவிடுபவர்கள் ஏராளம். அட்டைகளை அழகுபடுத்துவதிலேயே மாலைப் பொழுதைக் கழிப்பவர்களும் உண்டு. புரியாததை மனப்பாடம் செய்யாதே என்பதுதான் 1999-ல் வோஸ்னியாக் வகுத்த இருபது விதிகளில் முதலாவது.

எனவே சிறிதாகத் தொடங்குவதே நல்லது. இன்று நடந்த பாடத்தைப் புரிந்துகொண்ட பிறகு, அதிலிருந்து சொந்த வார்த்தைகளில் பத்துக் கேள்விகள். தினமும் 20 நிமிடம். வாரம் ஒரு முறை எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி. இதைத் தவறாமல் செய்தால், தேர்வுக்கு முந்தைய இரவு 2 மணிக்கு வீட்டில் விளக்கு எரிய வேண்டியிருக்காது.