கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம்

அவிநாசிக்கும் கோவைக்கும் நடுவே, சோமனூர் விசைத்தறிகளுக்குப் பக்கத்து ஊர் இது. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்களின் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், இங்கே கிறிஸ்தவம் வேர்விட்டது.

கோவை மறைமாவட்டம் தொடங்கியதும் இந்தக் கிராமத்தில்தான். மரியோன் தெ பிரெசிலாக் என்ற 32 வயது பிரெஞ்சுக் குரு, 1846 அக்டோபர் 4 அன்று இங்கே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நகரத்தை விட்டுக் கிராமமா என்று வியக்க வேண்டாம்: கோவை அப்போது தொழில் நகரமாக வளர்ந்திருக்கவில்லை; அங்கே முதல் நூற்பாலை வர இன்னும் 42 ஆண்டுகள் இருந்தன.

உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாக்கி, பொறுப்பையும் அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பது பிரெசிலாக்கின் கட்சி. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான பேச்சு. சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு அனுமதிப்பது என்ற 'மலபார் சடங்கு' சர்ச்சையும் அவர் மனசாட்சியை உறுத்தியது. 1855-இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கால்வைத்த ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது.

ஆலயம் இன்று பசிலிக்கா தகுதி பெற்றுள்ளது. ஜெபமாலை அன்னையின் விழா நாள் அக்டோபர் 7; தேர் பார்க்க விரும்புவோர் அந்த வாரத்தில் வரலாம்.