கல் தோன்றும் முன்பே கசியும் குருதி

குழந்தையின் சிறுநீர் சிவந்திருந்தால் தொற்று, கல், சிறுநீரக அழற்சி ஆகியவையே முதலில் ஐயத்துக்கு உள்ளாகின்றன. ஆனால் தொற்றுக்கான தடயமோ ஸ்கேனில் கல்லோ இல்லாமலும், சிறுநீரில் புரதம் கலக்காமலும், குருதிச் சிவப்பணுக்கள் மட்டும் உருக்குலையாத வட்ட வடிவில் தென்படும்போது, காரணத்தை உடலின் வேதியியலில், அதாவது வளர்சிதை மாற்றத்தில், தேட வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான கிளாமருலஸ் பழுதுபட்டுக் கசியும் அணுக்கள் பெரும்பாலும் சிதைந்த உருவத்துடன் வருவதால், அணுவின் வடிவமே குருதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு துப்பாகிறது.

இவ்வகைக் காரணங்களில் முதலிடம் பெறுவது சிறுநீரில் கால்சியம் மிகுதியாக வெளியேறும் நிலையாகும். ஒரு நாளில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறினால் அது மிகை எனக் கொள்ளப்படுகிறது. சிறு குழந்தையிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது எளிதன்று என்பதால், ஒரே மாதிரியில் கால்சியத்துக்கும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் கணக்கிடப்படுகிறது. வளர்ந்த குழந்தைகளுக்கு 0.2 என்பது வழக்கமான மேல்வரம்பு, கைக்குழந்தைகளுக்கோ அது இன்னும் உயர்வானது. கண்ணுக்குப் புலப்படாத கால்சியப் படிகங்கள் சிறுநீரக நுண்குழல்களின் உட்சுவரை உராய்வதாலேயே, கல் உருவாகாத நிலையிலும் குருதி கசிகிறது என்று கருதப்படுகிறது.

இங்குப் பெற்றோர் செய்யக்கூடிய பெருந்தவறு பாலை நிறுத்துவதாகும். வளரும் எலும்பு நலிவது ஒருபுறமிருக்க, குடலில் கால்சியம் குறைந்தால் அதனுடன் பிணைந்து மலத்தில் கழிய வேண்டிய ஆக்சலேட் குருதியில் கலந்து, கல்லுக்கு வேறொரு வழியைத் திறந்துவிடும். உண்மையில் குறைக்க வேண்டியது உப்பையே. சோடியம் மிகுதியாக வெளியேறும்போது கால்சியமும் உடன் வெளியேறுகிறது. போதிய நீர் அருந்துவதும், தேவையெனில் மருத்துவர் தரும் சிட்ரேட் மருந்தும் படிகமாதலைத் தடுக்கும்.

யூரிக் அமில மிகையும் குருதிக் கசிவை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் துணியில் யூரேட் படிகங்கள் படியவிடும் செங்கல் நிறக் கறை மட்டும் குருதியே அன்று. அரியனவாயினும் கடுமையானவை மரபுவழிக் குறைகள்: கல்லீரல் நொதி ஒன்றின் பழுதால் ஆக்சலேட் பெருகும் நோய் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும், சிஸ்டின் என்னும் அமினோ அமிலத்தைச் சிறுநீரகம் மீட்டெடுக்கத் தவறும் சிஸ்டினூரியாவில், அறுகோணப் படிகங்கள் நுண்நோக்கியில் தெரியும். மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1908இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் பிறவி வளர்சிதைக் குறைகளாக விளக்கிய நான்கனுள் சிஸ்டினூரியாவும் ஒன்று.

கால்சிய மிகையும் குடும்பவழியாகத் தொடர்வதுண்டு. ஆதலால், நெருங்கிய உறவினருள் எவருக்கேனும் சிறுநீரகக் கல் இருந்திருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் பெற்றோரே அதைத் தெரிவிக்க வேண்டும்.