தலைப்பிள்ளைக்கு முன் ஒரு சேமிப்பு: கடலூர் கரைக்கு ஆண்டுக் கணக்குதான் சரிவரும்

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, முடசல்ஓடை ஆகிய இடங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் உள்ள 61 நாள் தடைக்காலம் அது. அந்த நாட்களுக்கென மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 2024-ல் 8,000 ரூபாயாக உயர்ந்தது. நாள் கணக்கில் வகுத்தால் 131 ரூபாய்.

இதே மீனவர்களுக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு திட்டமும் இருக்கிறது. பெயர், மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மீன் கிடைக்கும் மாதங்களில் மீனவர் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டுகிறார். மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்க்கின்றன. வருமானம் குறையும் மாதங்களில் 4,500 ரூபாயாகக் கைக்கு வருகிறது. மீனவப் பெண்களுக்கும் இதேபோல் 1,500 கட்டி 4,500 பெறும் திட்டம் தனியாக உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

தொகை சிறியதுதான். ஆனால் குறைந்த வருமானத்தில் சேமிப்பது எப்படி என்று கேட்கும் இளம் தம்பதிக்குச் சொல்ல வேண்டிய பாடம் இந்தத் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 'மாதச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் எடுத்து வையுங்கள்' என்ற அறிவுரை முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்கானது. கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அது பொருந்தாது. படகுத் தொழிலாளிக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதில் படகுக்காரருக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. நல்ல பாடு கிடைத்த வாரம் கை நிறையும். அடுத்த வாரம் டீசல் காசுகூடத் தேறாது. புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் வயல் வேலை நடவுக்கும் அறுப்புக்கும் கூடும், இடையில் வற்றிவிடும். சிதம்பரம் நான்கு வீதிகளின் கடைகளில் வேலை பார்ப்பவருக்குத் தீபாவளி போனஸ் ஒன்றே வருடத்தின் பெரிய காசு. இவர்களெல்லாம் மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். எந்த மாதத்தில் காசு வரும், எந்த மாதத்தில் வராது என்று பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதுவதுதான் முதல் வேலை.

குழந்தையின் உண்மையான செலவு

அடுத்து, எதற்காகச் சேமிக்கிறோம் என்ற கேள்வி. குழந்தை என்றதும் ஆஸ்பத்திரிச் செலவுதான் எல்லோருக்கும் பயம். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ அறுவை சிகிச்சையோ, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கும் நாட்களில் சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாமே இலவசம் என்பது 2011-லிருந்து நாடு முழுவதும் உள்ள நடைமுறை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் காமராஜர் அரசு மருத்துவமனை, அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுடைமையான மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் கணக்கு வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் அறுவை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் அது 36 சதவீதம். சேமிப்பு முழுவதும் ஒரே பில்லில் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் உண்மையில் பெரிய செலவு எந்த பில்லிலும் வராது. அது தாயின் கூலி நின்றுபோவது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கணவர் முடசல்ஓடையில் படகுக்குப் போகிறார். மனைவி சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார். எட்டாம் மாதத்தில் வேலையை நிறுத்தி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகு திரும்பப் போனால், இடையில் சுமார் எட்டு மாதம். 72,000 ரூபாய் வரவில்லை. இதை யாரும் செலவாக எழுதுவதில்லை. எழுதாததால்தான் அந்த எட்டு மாதத்தில் கடன் ஏறுகிறது.

அந்த எட்டு மாதத்தோடு தடைக்காலமும் சேர்ந்துகொண்டால் இரண்டு வருமானமும் ஒன்றாக நிற்கும். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, சித்திரை வெயிலில் குழந்தை பிறக்கக்கூடாது என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். படகுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த வழக்கம் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. சித்திரை பிறந்தவுடன்தான் தடைக்காலமும் தொடங்குகிறது. எந்த மாதத்தில் குழந்தை பிறக்க வேண்டும் என்பது யார் கையிலும் இல்லை. எந்த மாதத்தில் பிறந்தால் கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

மேலே சொன்ன ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் நிலைமை தலைகீழாக மாறும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ பிடிப்பது 0.75 சதவீதம். 9,000-க்கு மாதம் 68 ரூபாய். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருந்தால் 26 வாரம் முழுச் சம்பள அளவுக்கு மகப்பேறு உதவி கிடைக்கும். ஏறத்தாழ 54,000 ரூபாய். எந்தச் சேமிப்புத் திட்டமும் 68 ரூபாய்க்கு இவ்வளவு தராது. 'கையில் கூடுதலாக வரட்டும், பிடித்தம் வேண்டாம்' என்று விட்டுவிடும் பெண்கள் இதைத்தான் இழக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் கடை முதலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எனக்கு ஈஎஸ்ஐ நம்பர் இருக்கா?'

ஈஎஸ்ஐ இல்லாத முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் நடவுப் பெண்ணுக்கும் இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி, 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்த திட்டம். 14,000 ரொக்கம், 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024-ல் தவணைகள் மூன்றாகச் சுருக்கப்பட்டன. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால், நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தாரோ அந்த எண்ணைக் கையில் எடுத்துப் போக வேண்டும். இந்தப் பணம் வரும், ஆனால் சொன்ன தேதியில் வரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. வந்த பிறகு விட்ட இடத்தை நிரப்பும் காசாக மட்டும் அதை எண்ணுங்கள்.

சேமிப்பைத் தின்பது எது

தண்டல் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்த்தால் போதும். 10,000 ரூபாய் தண்டல் என்பார்கள். கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம்தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழு 9,000 நம்மிடம் ஒரு நாள்கூட நிற்பதில்லை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி சுமார் 78 சதவீதம். தண்டல், தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது. கடைத்தெருவில் அது நின்றபாடில்லை, ஏனென்றால் காலையில் கேட்டால் மாலையில் காசு தருகிறவர் வேறு யாருமில்லை.

தண்டலில் இருக்கும் தம்பதிக்கு வேறெந்தச் சேமிப்பையும்விட அதை அடைப்பதே நல்ல சேமிப்பு. 78 சதவீத வட்டி கட்டிக்கொண்டு தபால் நிலையத்தில் 6.7 சதவீத வட்டிக்குப் பணம் போடுவதில் அர்த்தமில்லை. கடைசி நூறு ரூபாய் கட்டி முடிந்த மறுநாள், அதே நூறை இன்னும் நூறு நாளைக்குத் தனக்கே கட்டிக்கொண்டால் 10,000 ரூபாய் கையில் நிற்கும். கட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் ஆள்தான் மாற வேண்டும்.

சீட்டை நான் அப்படி ஒதுக்கமாட்டேன். தெரிந்தவர்கள் முன்னால் கட்டாமல் இருக்க முடியாது என்ற கூச்சமே ஒரு காவல். மொத்தமாகப் பணம் வருவதும் பிரசவம் போன்ற செலவுக்கு ஏற்றது. ஆனால் சீட்டு பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் பதியாமல் சீட்டு நடத்துவது குற்றம். பிடிப்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. சீட்டு வேறு, அதிக வட்டி காட்டும் நிறுவனம் வேறு. மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் தமிழ்நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தார்கள் என்கிறது காவல்துறை. அதிக வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டும்.

நகைச்சீட்டு பதினோரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்கிறது நிறுவனச் சட்ட விதி. நகைக்கடையில் கட்டுவது வங்கிச் சேமிப்பு இல்லை. கடை மூடினால் வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு அதற்குக் கிடையாது. கையில் கொஞ்சம் பொன் இருப்பது நல்லதுதான், தடைக்காலத்தில் அடகு வைக்க உதவும். வைக்கும்போது கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வையுங்கள்.

மொய்ப்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் வரும் மொய்தான் பல தம்பதிகளுக்கு வாழ்க்கையில் முதல் மொத்தத் தொகை. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதில் பாதியையாவது அன்றைக்கே மனைவி பெயரில் போட்டுவிடுவது நல்லது. மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் பட்டியலும்தான். வைகாசியிலும் ஆவணியிலும் எத்தனை மொய் திருப்ப வேண்டியிருக்கும் என்பதும் ஆண்டுக் கணக்கில் ஏற வேண்டும்.

எங்கே வைப்பது

வீட்டில் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று இந்த மாவட்டம் பார்க்காததில்லை. அலமாரியில் இருந்த பணமும் ரேஷன் அட்டையும் ஒன்றாகவே தண்ணீரில் போகும்.

தபால் நிலையத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயில் தொடங்கும். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமானது. அந்த விகிதத்தில் ஐந்தாண்டில் 6,000 கட்டினால் 7,136 கிடைக்கும். நம் ஊர் வருமானத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், காசு வரும் மாதத்தில் ஆறு மாதத் தவணையையோ ஒரு வருடத் தவணையையோ முன்கூட்டியே கட்டிவிடலாம், அதற்குத் தள்ளுபடியும் உண்டு. தவறிய மாதத்துக்கு நூறுக்கு ஒரு ரூபாய்தான் அபராதம். ஒரு வருடம் கட்டிய பிறகு பாதி வரை கடன் எடுக்கலாம். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் மகளிர் முகவர்களும் இருக்கிறார்கள், கொடுத்ததும் பாஸ்புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் மூட முடியாது என்பதால் பிரசவத்துக்கான பணம் முழுவதையும் அதில் போட வேண்டாம். அதைச் சேமிப்புக் கணக்கிலோ 1,000 ரூபாயில் தொடங்கும் ஓராண்டு வைப்பிலோ வைக்கலாம்.

புதுத் தம்பதிக்கு ஒரு காகித வேலையும் இருக்கிறது. இருவர் பெயரையும் பிறந்த வீட்டு அட்டைகளிலிருந்து நீக்கி, தனி ரேஷன் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு முதல் பல உதவிகளுக்கு வழி அந்த அட்டைதான். கட்டட வேலை, தையல், ஆட்டோ என்று எந்த வேலையானாலும் அதற்குரிய நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். திருமண உதவி, மகப்பேறு உதவி இரண்டும் அங்கே உண்டு. பதிவு முன்கூட்டியே இருந்தால்தான் கிடைக்கும்.

மீனவருக்கு இருக்கும் அந்தச் சேமிப்புத் திட்டத்தை மற்றவர்களுக்கும் விரிப்பதில் என்ன தடை என்பதை அரசு யோசிக்க வேண்டும். பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும், புவனகிரியில் நாற்று நடும் பெண்ணுக்கும் வேலையில்லாத மாதங்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ஆளுக்கு 1,500 கட்டினால் அரசுகள் 3,000 சேர்க்கட்டும். மீனவருக்கான தொகையையும் இன்றைய அரிசி, எண்ணெய் விலைக்கு ஏற்ப உயர்த்தட்டும். அதுவரை, கடலோரத்தில் புதிதாகக் கல்யாணமானவர்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் தங்கள் இருவர் பெயரும் சேமிப்பு நிவாரணப் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்க வேண்டும்.