கமர்பந்த் கப்பலேறிய கதை

மும்பை சீத்தா கேம்ப் தையற்கடையில் "கமர் எவ்வளவு?" என்று கேட்டால், இடுப்பளவைச் சொல்வோம். அந்தக் கமர் சொகுசுக் கப்பல் வரை போயிருக்கிறது, தெரியுமா?

குயின் மேரி 2 கப்பலில் சில நாள்கள் 'காலா' இரவு. மாலை 6 மணிக்கு மேல் ஆண்களுக்கு டக்ஸீடோ அல்லது அடர்நிற சூட், கூடவே டை. பெண்களுக்கு கவுன் போன்ற விருந்து உடை. கவுன் இல்லையே என்று தவிக்க வேண்டாம். அவரவர் நாட்டு விருந்து உடைக்கும் இடமுண்டு. பட்டுப்புடவை, ஷெர்வானி தாராளம். வேட்டியா? மேல்தளக் காற்றுக்கு ஒட்டிக்கோ வேட்டிதான் பத்திரம்!

டக்ஸீடோவுக்கு இடுப்பில் சுற்றும் மடிப்புப் பட்டையின் பெயர் கம்மர்பண்ட். நம் கமர்பந்தேதான். பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், வெக்கை தாங்காமல், விருந்துகளில் வெயிஸ்ட்கோட்டுக்குப் பதிலாக இதைச் சுற்றிக்கொண்டார்கள். அப்படியே அது இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது.

கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: மடிப்புகளின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும்.